நூற்று நாற்பது தலைகளும் ஒரு சாட்சியும்

"நான் எப்ப உங்ககிட்ட வந்து சாட்சி சொன்னேன்? உங்க முகத்தையே இப்பத்தான் பார்க்கிறேன்!"

காலை ஒன்பதே காலுக்கு மூளை உரிமைக் குழுவின் அலுவலகத்துக்குள் நுழைந்த அந்தப் பெண்மணி, காட்டிய நாற்காலியில் உட்காரவில்லை. ஒரு கையால் வீங்கிய வலது கன்னத்தைக் கைக்குட்டை வைத்துப் பொத்தியிருந்தார். மறு கையால் ஒரு கடிதத்தை மேஜைமேல் அறைந்தார்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த குழுவின் வக்கீலம்மா பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். ஜன்னலோரம் இருந்த கொழுந்தன் எழுந்து கடிதத்தை எட்டிப் பார்த்தான். 'நிறுவனத்தின் உள்விவகாரங்களை வெளியாருக்குத் தெரிவித்ததற்காகத் தற்காலிகப் பணிநீக்கம்.' நேற்றைய தேதி. கீழே மேலாளரின் கையெழுத்து, பெரிய சுழியோடு.

கொழுந்தன் என்றால் துப்பறியும் அண்ணியின் கொழுந்தன். ஊரில் எல்லோருக்கும் அவன் அப்படித்தான் அறிமுகம். எட்டு வருஷம் ஆஸ்பத்திரியில் வலிப்பு நோயாளிகளின் தலையில் வயர் ஒட்டி மூளைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தவன். "நான் நினைக்கிறதெல்லாம் இதுல தெரியுமா தம்பி?" என்று யாராவது பயந்தால், "தெரியுது. 'எப்ப முடியும்'னு நினைக்கிறீங்க" என்பான். பெரிய டாக்டரிடமும் அப்படியே வாயைக் கொடுத்ததில் வேலை போயிற்று. இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துவிட்டு, இப்போது தனியாகத் துப்பறிந்துகொண்டிருந்த அண்ணி, "சும்மா வீட்டுல உட்கார்ந்து உங்க அண்ணன் உயிரை வாங்காத, என்கூட வா" என்று ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டாள்.

"உட்காருங்கக்கா," என்றாள் அண்ணி. "உங்க வேலை எது?"

"பாக்கிங். கிடங்குல. பதினோரு வருஷமா."

அது போதும், அண்ணிக்குப் புரிந்துவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இரண்டு அறைகளில் இயங்கும் இந்தக் குழு, அந்தக் கிடங்கின் மேல்தான் வழக்குப் போட்டிருந்தது. அங்கே பாக்கிங் செய்யும் நூற்று நாற்பது பேரும் வேலை நேரம் முழுக்க நெற்றியில் ஒரு கறுப்புப் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். பட்டை மூளையின் மின்னோட்டத்தை அளக்கும். 'சோர்வை மட்டும்தான் பார்க்கிறோம், எந்தப் பதிவையும் யாருடைய பெயரோடும் சேர்ப்பதில்லை' என்று நிறுவனம் தொழிலாளர் ஆணையத்தின் முன்னால் சத்தியப் பத்திரமே கொடுத்திருந்தது. அது பொய் என்று உள்ளேயிருந்து ஒருவர் ரகசியமாக வாக்குமூலம் எழுதிக் கொடுத்திருந்தார். அதை ஆணையத்தில் கொடுக்க வேண்டியது இன்று மாலை மூன்று மணிக்கு. அதற்குள் நிறுவனத்துக்கு விஷயம் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கண்டுபிடிக்கத்தான் வக்கீல் அண்ணியைக் கூப்பிட்டிருந்தார்.

"அந்த வாக்குமூலம் குடுத்தது நான் இல்லைன்னு ஒரு கடிதம் எழுதிக் குடுங்க. நான் என் வேலையைப் பார்க்கப் போறேன்," என்றார் பாக்கிங் அக்கா.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குடுக்க முடியாதும்மா."

"ஏன்?"

"உங்களுக்குக் குடுத்தா நாளைக்கு மத்தவங்களும் வந்து நிப்பாங்க. கம்பெனியே அனுப்பும். எல்லாருக்கும் எழுதிக் குடுப்பேன், ஒருத்தருக்கு மட்டும் குடுக்க மாட்டேன். அந்த ஒருத்தர் யாருன்னு அப்புறம் துப்பறியவா வேணும்?"

"அப்ப யாரோ ஒருத்தரைக் காப்பாத்த என் வேலை போகணுமா? நியாயம் பேசுற இடம்னு போர்டு வச்சிருக்கீங்களே!"

வக்கீல் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். மனித உரிமை பேசிப் பேசிக் குரல் தேய்ந்தவர் அவர். ஒரு மனுஷி நேரில் வந்து உரிமை கேட்டதும் எந்தச் சட்டப்பிரிவும் கைகொடுக்கவில்லை. கொழுந்தனுக்கு இரண்டு பேரையும் பார்க்கப் பாவமாக இருந்தது.

அண்ணி இரும்பு அலமாரிக்குப் போனாள். பூட்டு சரியாக இருந்தது, உறையின் அரக்கு முத்திரை உடையவில்லை. திரும்பி, மூலையில் இருந்த அலுவலகச் செயலாளரைப் பார்த்தாள். எதற்கும் ஒரு படிவம் வைத்திருப்பதால் அவருக்குப் 'படிவம்' என்றே பெயர்.

"இந்த வாரம் அந்தக் கம்பெனிக்கு இங்கேயிருந்து ஏதாவது தபால் போச்சா?"

"ஒண்ணே ஒண்ணு," என்றார் படிவம் பெருமையாக. "மேலாளருக்கு. நம்ம விதி பதினொண்ணு. யாரைப் பத்தின தகவல் நம்ம கோப்புல சேர்ந்தாலும் ரெண்டு நாளுக்குள்ள அவங்களுக்குத் தெரிவிக்கணும். வாக்குமூலத்துல மேலாளரைப் பத்தி ரெண்டு வரி வருது. அதான், 'உங்களைப் பற்றிய தகவல் எங்களிடம் உள்ளது, அதைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு'ன்னு எழுதினேன். பதிவுத் தபால்."

"திருடன் வீட்டுக்கே போய், 'உங்களைப் பிடிக்க வர்றோம், வசதியான நேரம் சொல்லுங்க'ன்னு கேட்ட மாதிரி," என்றான் கொழுந்தன்.

"அந்த விதியை யார் எழுதினது?" என்று கேட்டாள் அண்ணி.

வக்கீல் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"சாட்சி பேரு அதுல இருந்துச்சா?"

"ஐயோ, இல்லவே இல்ல!" படிவத்துக்குக் கோபமே வந்துவிட்டது. "அது அவங்க அந்தரங்கம் இல்லையா? மேலாளர் பதில்கூட அனுப்பியிருக்கார். தன்னைப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு பார்க்கணுமாம். படிவத்தை ஒரு தப்பில்லாம நிரப்பியிருக்கார்."

அண்ணியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பேரே இல்லாத ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு, நூற்று நாற்பது பேரில் இந்த ஒரு அக்காவை மேலாளர் எப்படிப் பொறுக்கி எடுத்தார்? துப்பு என்று கையில் இருந்தது அந்த ஒரு கேள்விதான்.

"அவரோட உரிமையை நாமளே நேர்ல போய் நிறைவேத்திடலாம்," என்றாள். "அந்த ரெண்டு வரியை மட்டும் விட்டுட்டு மீதி எல்லாத்தையும் கறுப்பு மையில அடிச்சுக் குடுங்க."

கிடங்கு பெரியது. நகரும் பெல்ட்டில் அட்டைப் பெட்டிகள் வரிசையாக வந்தன. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று பொருளை வைத்து, மூடி, டேப் ஒட்டித் தள்ளினார்கள். ஒவ்வொரு நெற்றியிலும் ஒரு பச்சைப் பொட்டு விளக்கு. ஒருவரும் பேசவில்லை. யாரோ கொட்டாவி விட்டார், உடனே அவருடைய விளக்கு மஞ்சளாயிற்று, அவர் அவசரமாக வாயை மூடிக்கொண்டார். கொழுந்தன் ஆஸ்பத்திரியில் வயர் ஒட்டிய தலைகளெல்லாம் குணமாக வேண்டும் என்று வந்த தலைகள்.

மேலாளரின் அறை மேலே, கண்ணாடிக்குப் பின்னால். அவருக்குப் பக்கத்தில் நரை தட்டிய ஒருவர் பெரிய திரைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். கிராஃப் பார்ப்பது அவர் வேலை. வந்தவர்களைப் பார்த்து அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"உரிமைக் குழுவா? வாங்க, வாங்க. உங்க ஆளைத்தான் நேத்தே பிடிச்சிட்டோமே!" மேலாளர் சிரித்தார். "சமாதானம் பேச வந்தீங்களா?"

"இல்ல சார். நீங்க கேட்ட தகவலைக் குடுக்க வந்தோம்," என்று அண்ணி அந்தத் தாளை நீட்டினாள்.

தாள் முழுக்கக் கறுப்பு. நடுவில் இரண்டு வரி மட்டும் பிழைத்திருந்தது. மேலாளர் வாய்விட்டுப் படித்தார். "'மேலாளருக்குக் கிராஃப் படிக்கத் தெரியாது. சிவப்பு வந்தால் கத்துவார், பச்சை வந்தால் காபி குடிப்பார்.'"

அவர் முகம் சிவப்புக்கு மாறியது. பட்டை கட்டியிருந்தால் விளக்கும் மாறியிருக்கும் என்று கொழுந்தன் நினைத்துக்கொண்டான்.

"எனக்கா தெரியாது? எனக்கா?"

"எழுதியிருக்கிறதைத்தான் குடுத்தோம்," என்றாள் அண்ணி பவ்யமாக. "எங்களுக்கும் அப்படித்தான் தோணுது. ஏன்னா, நீங்க பிடிச்ச ஆளு தப்பான ஆளு."

எரிகிற தீயில் எண்ணெய் ஊற்ற இதைவிட நல்ல வழி இல்லை. மேலாளர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "தப்பான ஆளா? இங்க பாருங்கம்மா. நேத்து காலையில ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது எல்லாரையும் வரிசையா நிக்க வச்சேன். பட்டையோட. மூணு கேள்வி கேட்டேன். நல்லா தூங்கினீங்களா? சாப்பிட்டீங்களா? கிடங்கு விஷயத்தை வெளியில யார்கிட்டயாவது பேசினீங்களா? மூணாவது கேள்விக்கு ஒரே ஒரு தலைதான் குதிச்சுது. அந்த கிராஃபைப் போடுய்யா!"

கிராஃப்காரர் விசையைத் தட்டினார். திரையில் கோடுகள் வந்தன. மெல்லிய கோடுகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் ஓரிடத்தில் முள்வேலி மாதிரி கறுத்துத் தடித்திருந்தது.

"பார்த்தீங்களா? குற்ற உணர்ச்சி! அப்படியே பொங்குது!"

கொழுந்தன் வாயைத் திறந்தான். அண்ணியின் செருப்பு அவன் கால் கட்டைவிரல் மேல் வந்து இறங்கியது. வாயை மூடிக்கொண்டான்.

"நம்பவே முடியல சார்," என்றாள் அண்ணி, கன்னத்தில் கை வைத்து. "இவ்வளவு துல்லியமா! எங்க வக்கீலம்மா கேட்டா நம்ப மாட்டாங்க. இதை அச்செடுத்துக் குடுப்பீங்களா?"

"தாராளமா!"

கிராஃப்காரர் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தார். "பேரோட எடுக்கவா சார், பேர் இல்லாமலா?"

"பேரோட எடுய்யா! அப்பத்தானே உறைக்கும்!"

தாள் சூடாக வெளியே வந்தது. தொழிலாளியின் பெயர், தேதி, நேரம், 'கேள்வி 3' எல்லாம் அதில் இருந்தன. அண்ணி பேனாவை எடுத்து நீட்டினாள். "நான் இன்ஷூரன்ஸ்ல இருந்தவ சார். கையெழுத்து இல்லாத தாளை எங்க ஆபீஸ்ல யாரும் மதிக்க மாட்டாங்க." மேலாளர் பெரிய சுழியோடு கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார்.

"நூத்தி நாப்பது தலையும் எனக்கு உள்ளங்கை மாதிரி," என்றார். "இந்தக் கட்டடத்துலயே பட்டை இல்லாத தலை ரெண்டுதான். ஒண்ணு என்னோடது, இன்னொண்ணு இவனோடது. எதுவும் தப்பிக்க முடியாது."

ஸ்கூட்டர் நிறுத்துமிடத்துக்கு வந்ததும் கொழுந்தன் வெடித்தான்.

"அண்ணி! அது குற்ற உணர்ச்சியும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல! அது பல்லு! அந்த அக்கா கன்னத்தைப் பார்த்தீங்கல்ல? கடவாய்ப் பல் வலி. வலி தாங்காம பல்லைக் கடிச்சா நெத்திப்பொட்டுத் தசை இறுகும். மூளையோட கோடு அதுக்கு அடியில அமுங்கிடும். ஆஸ்பத்திரியில புதுசா சேர்றவங்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லித் தருவோம். மனசைப் படிச்சேன்னு மார்தட்டுற மனுஷன் பல்லைப் படிச்சிருக்கார்!"

"சத்தம் போடாத. அவர் சொன்னதுல ஒரு விஷயம் சரி."

"எது?"

"பட்டை இல்லாத தலை ரெண்டு." அண்ணி தலைக்கவசத்தின் வாரை இழுத்தாள். "மேலாளருக்குக் கிராஃப் படிக்கத் தெரியாதுன்னு யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? கீழ பெட்டி ஒட்டுறவங்க யாரும் அந்தத் திரையைப் பார்த்ததே இல்ல. பக்கத்துலயே உட்கார்ந்து தினமும் அவஸ்தைப்படுற ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள்தான், 'பேரோட எடுக்கவா'ன்னு நம்ம காதுல விழற மாதிரி கேட்டார்."

கொழுந்தன் வாய் பிளந்து நின்றான். நூற்று நாற்பது தலைகளைச் சல்லடை போட்டுச் சலித்திருக்கிறார்கள். சல்லடையைப் பிடித்திருந்த கை சாட்சியின் கை.

"அப்ப அவர் வாயைத் திறந்தா அக்காவுக்கு வேலை திரும்பிடும்!"

"இவருக்குப் போயிடும்."

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கிராஃப்காரர்தான். அண்ணி வேண்டுமென்றே விட்டுவந்தாளோ என்னவோ, அவளுடைய பேனா அவர் கையில் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றார்.

"அந்த அக்காவைத் தனியா நிக்க வச்சப்ப நான்தான் திரைக்கு முன்னால இருந்தேன்," என்றார். "அது பல் வலின்னு எனக்கு அப்பவே தெரியும். சொல்லியிருக்கலாம். சொன்னா, 'அப்ப யாரு'ன்னு தேடுவாங்களேன்னு பயந்துட்டேன். ரெண்டு பிள்ளைங்க படிக்குது. ஆனா இப்ப முடியல. மூணு மணிக்கு நானே வந்து…"

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது," என்றாள் அண்ணி. "பேனா குடுத்தீங்க, நன்றி. உங்க வக்கீலுக்குப் போன் பண்ணிப் பேசிக்குங்க. இப்ப உள்ள போங்க, மேல இருந்து பார்க்கிறார்."

அவர் போன பிறகும் அண்ணி கொஞ்ச நேரம் வண்டியைக் கிளப்பவில்லை. அவள் யாருக்காகவும் வருத்தப்பட்டு கொழுந்தன் அதிகம் பார்த்ததில்லை. இன்று பார்த்தான்.

ஒன்றரை மணிக்கு அந்தத் தாளைப் பார்த்த வக்கீல் துள்ளிக் குதித்தார். "பேரோட! கையெழுத்தோட! சத்தியப் பத்திரம் பொய்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க!" அடுத்த நொடியே சுட்டது போலத் தாளைக் கீழே போட்டு, மேலே ஒரு கோப்பு அட்டையை வைத்து மூடினார். "கடவுளே, இது இந்தம்மாவோட மூளைப் பதிவு. இவங்களைக் கேட்காம நான் இதைப் பார்த்தே இருக்கக் கூடாது. எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க!"

எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். "நான் ஏற்கெனவே பார்த்துட்டேன். கண்ணை அலமாரியில வச்சுப் பூட்டிடவா?" என்றான் கொழுந்தன் சுவரிடம்.

காலையிலிருந்து அங்கேயே காத்திருந்த பாக்கிங் அக்கா தாளை எடுத்துப் பார்த்தார். "இதுதான் என் தலைக்குள்ள ஓடுறதா?"

கொழுந்தன் அருகில் போய் விளக்கிச் சொன்னான். இது மனசு இல்லை, பல் என்றான். அக்கா முதலில் சிரித்தார். வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு அழுகையாக மாறியது.

"எல்லாரும் பார்க்க என்னைத் தனியா நிறுத்தினாங்க தம்பி. 'மெஷின் சொல்லுது, ஒத்துக்கோ'ன்னாங்க. வீட்டுக்குப் போய் உட்கார்ந்தப்ப எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நமக்கே தெரியாம எங்கேயாவது உளறிட்டோமோன்னு. என் தலைக்குள்ள என்ன இருக்குன்னு என்னைவிட அவங்களுக்கு நல்லாத் தெரியும்னு நம்பிட்டேன்."

படிவம் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், எந்தத் தாளிலும் கையெழுத்து வாங்காமல்.

வக்கீல் எதிரே வந்து உட்கார்ந்தார். "அந்த ரகசிய சாட்சி இப்பத்தான் போன் பண்ணினார். உங்களுக்காக வெளியில வரத் தயார்னு சொல்றார். வந்தா உங்களுக்கு இன்னைக்கே வேலை திரும்பிடும். வராட்டி, இந்தத் தாளை வச்சு நான் போராடுவேன். ஜெயிக்க எத்தனை மாசம் ஆகும்னு தெரியாது. அவரை வரச் சொல்லவா?"

"அவரு வெளிய வந்தா அவருக்கு என்ன ஆகும்?"

"உங்களுக்கு ஆனதுதான்."

பாக்கிங் அக்கா வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்தன் அவருடைய முகத்தைப் படிக்க முயன்றான். ஒன்றும் பிடிபடவில்லை. அதில் அவனுக்கு ஒரு நிம்மதி இருந்தது.

"வர வேணாம்னு சொல்லிடுங்க," என்றார் கடைசியில். "இந்தத் தாளைக் காட்ட எங்க கையெழுத்துப் போடணும்?"

ஆணையத்தின் அறையில் மூன்று பேர் உயர்ந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் தலைவர். பாக்கிங் அக்கா உள்ளே நுழைந்ததுமே நிறுவனத்தின் வக்கீல் எழுந்துவிட்டார்.

"ஐயா, எதிர்த்தரப்போட ரகசிய சாட்சி இவங்கதான். நாங்க ஏற்கெனவே அடையாளம் கண்டு நடவடிக்கை எடுத்துட்டோம்."

"ரகசிய வாக்குமூலம் எதையும் நாங்க தாக்கல் பண்ணல," என்றார் உரிமைக் குழுவின் வக்கீல். "அந்த உறை எங்க அலமாரியிலேயே இருக்கட்டும். இவங்க பேரோட, முகத்தோட சொந்தமா பேச வந்திருக்காங்க."

தலைவர் நிறுவனத்தின் வக்கீலிடம் திரும்பினார். "தாக்கலே ஆகாத வாக்குமூலத்துக்கு இவங்கதான் சாட்சின்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

நிறுவனத்தின் வக்கீல் வாயைத் திறந்தார். பட்டை சொன்னது என்றால் சத்தியப் பத்திரம் பொய். பட்டை சொல்லவில்லை என்றால் பணிநீக்கத்துக்குக் காரணமே இல்லை. அவர் மேலாளரைப் பார்த்தார். கையெழுத்தும் முத்திரையும் போட்ட அந்தத் தாள் மேஜையில் விரிக்கப்படுவதை மேலாளர் பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் அண்ணி கொழுந்தனின் கையைக் கிள்ளினாள், சிரித்துத் தொலைக்காதே என்று.

தலைவர் தாளைப் படித்து முடித்து, நிமிர்ந்து பாக்கிங் அக்காவைப் பார்த்தார்.

"அம்மா, யாராவது தூண்டிவிட்டு வந்தீங்களா? உங்களைச் சாட்சி சொல்லச் சொன்னது யாரு?"

"எங்க மேலாளர்தான் ஐயா," என்றார் அவர். "நான் பாட்டுக்குப் பெட்டி ஒட்டிக்கிட்டிருந்தேன். நூத்தி நாப்பது பேர்ல என்னைப் பொறுக்கி எடுத்து, நீதான் சாட்சின்னு சொல்லி, வந்து சொல்றதுக்கு லீவும் குடுத்து அனுப்பினாரு. நேத்து அவர் சொன்னப்ப அது பொய். எழுதிக்கங்க, சொல்றேன்."